12 சென்ட் சரிவு நிலம், ரெண்டு நாய்: வலை வேலியா, காலர் வேலியா?

கோத்தகிரி_புதுசு

எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க கோயமுத்தூர்ல இருந்து கோத்தகிரி பக்கம் குடி வந்து எட்டு மாசம் ஆச்சு. 12 சென்ட் இடம், மேல ரோடு, கீழ தேயிலை, நடுவுல வீடு, முழுக்க சரிவு. ரெண்டு நாய் இருக்குதுங்க. மணி, ராஜபாளையம் கிராஸ், ஆண், மூணு வயசு. ஜூலி, நாட்டு நாய், குட்டியா ரோட்டுல கிடந்தத எடுத்து வளத்தோம். கோயமுத்தூர்ல சுத்தியும் மதில் இருந்துச்சு, கேட்டை சாத்திட்டா கவலையே இல்ல. இங்க பழைய ஓனர் வெச்ச சைப்ரஸ் வரிசையும் ரெண்டு இழை முள்ளுக்கம்பியும்தான் வேலி. மணி அதை ஒரு பொருட்டாவே மதிக்கறதில்ல.

போன வாரம் கீழ தோட்டத்துல இலை பறிச்சிட்டு இருந்தவங்கள பாத்து ரெண்டும் கொலச்சிட்டே இறங்கி ஓடிடுச்சு. கடிக்கலைங்க, ஆனா ஒரு அக்கா பயந்து பின்னால போய் வழுக்கி விழுந்து கை பிசகிடுச்சு. நானே கூட்டிட்டுப் போய் கட்டு போட்டுட்டு வந்தேன். அந்தக்கா ஒரு வார்த்தை திட்டல, பாத்து கட்டி வை கண்ணுன்னு மட்டும் சொன்னாங்க, அதுதான் எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வராம பண்ணிடுச்சு. அவங்களுக்கு அன்னைக்கு கூலியும் போச்சு இல்லைங்களா, அதையும் குடுத்துட்டேன், ஆனா இனிமே ஒருக்கா இப்படி நடக்கவே கூடாது.

சுத்தளவு கிட்டத்தட்ட 300 அடி. 5 அடி உயர கம்பி வலை, கல்லுக்காலோட 75 ஆயிரம் சொன்னாங்க. ஹாலோபிளாக் மதில்னா 3 லட்சத்துக்கு மேல போகும்ங்கறாங்க. டெக்ஸாஸ்ல இருக்கற என் தம்பி, அங்க நிறைய வீட்டுல வேலியே இல்லாம மண்ணுக்குள்ள ஒயர் போட்டு நாய் கழுத்துல காலர் மாட்டி வெச்சிருக்காங்க, அதை வாங்கி அனுப்பறேங்கறான், அது 75 ஆயிரத்துல பாதி கூட ஆகாதாம். சங்கிலில கட்டிப் போடறது எனக்கு மனசு வரல. மலைல நாய் வளக்கறவங்க அனுபவத்த சொல்லுங்க, எதை நம்பி காசு போடறதுன்னு தெரியல.

குன்னூர்_வேலிவேலை

மேடம், நான் குன்னூர் கோத்தகிரி பக்கம் வேலி அடிக்கிற வேலை 14 வருசமா பாக்கறேன். மதில் பத்தி முதல்ல சொல்லிடறேன், சரிவுல மதில் கட்டறதுன்னா அது வேலி இல்ல, தடுப்புச்சுவர் மாதிரி. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள நின்னு பின்னாடி இருந்து தள்ளும், தண்ணி வெளிய போக ஓட்டை விடாம கட்டினா ரெண்டு மழைல வயிறு தள்ளி விழுந்துடும். 2009 நவம்பர்ல நீலகிரில அந்த மண்சரிவு வந்தப்ப கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை, அதுல போன சுவர்லாம் நான் கண்ணால பாத்தவன். அஸ்திவாரம் தோண்ட பொக்லைன் இறக்கணும்னா அதுக்கு வேற அனுமதி வாங்கணும். அதனால மதில மறந்துடுங்க.

கம்பி வலைதான் சரி. ஆனா உங்களுக்கு 5 அடி பத்தாது, ராஜபாளையம் ரத்தம் இருக்குற நாய்க்கு 6 அடி போடுங்க. சரிவுல ஒரு விசயம் யாரும் சொல்ல மாட்டாங்க, மேட்டுப் பக்கம் நின்னு தாண்டுற நாய்க்கு உங்க 5 அடி வலை மூணரை அடிதான். வலைக்குப் பக்கத்துல மண்மேடு, விறகு அடுக்கு, தண்ணி டிரம் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்தது அடிப்பக்கம். பாதி நாய் தாண்டாது, தோண்டும். மழை முடிஞ்சு மண்ணு பதமா இருக்கறப்ப முன்னங்கால் ரெண்டையும் போட்டு பறிச்சா பத்து நிமிசத்துல தலை போற அளவுக்கு குழி. அதுக்கு வலைய தரையோட நிறுத்தாம, ஒன்றரை அடி வலைய உள்பக்கமா மடிச்சு தரைல படுக்க வெச்சு மேல கல்லு அடுக்கிடணும். நாய் வேலி ஓரத்துலதான் தோண்ட ஆரம்பிக்கும், அங்க கம்பி தட்டுப்பட்டா விட்டுடும். ஒன்றரை அடி தள்ளி நின்னு தோண்டணும்னு அதுக்குத் தோணாது. நான் போட்ட வேலில இது வரைக்கும் இதை ஜெயிச்ச நாய் ஒண்ணுதான், அதுவும் கல்லு அடுக்காம விட்ட இடத்துல.

தூணு 10 அடிக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க, சரிவுல 7, 8 அடிக்கு ஒண்ணு போடச் சொல்லுங்க, 2 அடி ஆழம் கான்கிரீட். வலைய சரிவோடவே சாய்ச்சு இழுத்தா அடில முக்கோணம் முக்கோணமா சந்து விழும், படிப்படியா இறக்கிக் கட்டணும். வலை ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன கம்பி, 10 கேஜ் தடிமன் கேளுங்க, மெல்லிசு கம்பி இங்க இருக்குற பனிமூட்டத்துக்கு சீக்கிரம் துரு ஏறிடும். கேட்டுக்கு அடில நாலு விரல் சந்துக்கு மேல விடாதீங்க. வேலில நாய் தப்பிக்கறதுல முக்காவாசி கேட்டுலதான், அதுலயும் கேஸ்காரர் வர்றப்ப.

பெருமாள்மலை_தோட்டக்காரன்

அக்கா நான் கொடைக்கானல் பக்கம், பெருமாள்மலை. அந்த காலர் வேலிய நான் ரெண்டு வருசம் வெச்சுப் பாத்தவன், அதனால கேட்டதுக்கு நேரா சொல்றேன்.

அது வேலை செய்யுற விதம் என்னன்னா, இடத்தைச் சுத்தி ஒயரை மண்ணுக்குள்ள வளையமா புதைக்கணும், வீட்டுக்குள்ள ஒரு பெட்டி அந்த ஒயர்ல சிக்னல் அனுப்பும், நாய் ஒயர் கிட்ட போனா காலர்ல பீப்னு சத்தம் வரும், அதுக்கு மேலயும் போனா கழுத்துல சுருக்குன்னு ஒரு ஷாக். மாட்டி விட்டா போதும்னு நினைக்காதீங்க, ரெண்டு வாரம் சின்னக் கொடி நட்டு, கயித்துல புடிச்சுக்கிட்டு, சத்தம் கேட்டா திரும்பணும்னு தினமும் பழக்கணும். என்கிட்ட அப்ப ஒரு லேப், ஒரு கோம்பை. லேப் மூணே நாள்ல புரிஞ்சுக்கிட்டான், அதுக்கப்புறம் கோட்டைத் தாண்டவே இல்ல. கோம்பை வேற ஜாதி. அது தேனிப் பக்கத்து வேட்டை நாய், பன்னியத் தொரத்துனா ஷாக்காவது ஒண்ணாவது, கத்திக்கிட்டே தாண்டிப் போயிடும். அதுக்கு மேல கொடுமை என்னன்னா, போன சூட்டுல ஷாக்கு தெரியல, அலுத்துப் போய் திரும்பி வர்றப்ப தெரியுது, ஷாக்குக்குப் பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ள வராம கோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு மழைல அது கேட்டுக்கு வெளிய நின்னு முனகுன சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அன்னைக்கே கழட்டிட்டேன்.

உங்க மணி ராஜபாளையம் கிராஸ், ஓடுற நாய். சந்தேகமே வேணாம், அதுக்கு இது ஒத்து வராது.

ஜிபிஎஸ் காலர்னு இப்ப ஒண்ணு வருது, ஒயரே வேணாம், ஆனா மரத்தடிலயும் மலைச்சரிவுலயும் இடத்தை நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும். 12 சென்ட்ல நாலஞ்சு மீட்டர் போச்சுன்னா நாய்க்கு உலாத்த வாசப்படிதான் மிச்சம். பெரிய எஸ்டேட்டுக்கு வேணா சரி.

இன்னொண்ணு, இந்தக் காலர் உங்க நாயத்தான் உள்ள வெக்கும், வெளிய இருந்து வர்ற எதையும் தடுக்காது. எங்க பக்கம் காட்டுமாடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போகும், பாத்திருப்பீங்க. நாய் கோட்டுக்குள்ள நின்னு கொலைக்கும், ஆயிரம் கிலோ மாடு கோடே இல்லாத மாதிரி உள்ள வரும்.

சோலூர்மட்டம்_தம்பி

வலைக்கு மேல ஒரு கம்பி இழுத்து கரண்டு குடுத்துட்டா நாயும் தாண்டாது காட்டுமாடும் வராது பன்னியும் வராது, எங்க மாமா காய்கறித் தோட்டத்துல அப்படித்தான் செஞ்சிருக்காரு, செலவும் கம்மி

குன்னூர்_வேலிவேலை

தம்பி, வீட்டு லைன்ல இருந்து நேரா இழுத்தாரா, இல்ல சோலார் பெட்டி வெச்சா? நேரா இழுத்திருந்தா இன்னைக்கே கழட்டச் சொல்லுங்க. அது சட்டப்படி குத்தம், அது மட்டும் இல்ல, யானைல இருந்து இலை பறிக்க வர்ற பொம்பளைங்க வரைக்கும் அதுல செத்திருக்காங்க. சோலார் பெட்டிங்கறது வேற, அது விட்டு விட்டு ஒரு நொடிக்கும் குறைவா அடிக்கும், பயமுறுத்தும், கொல்லாது. அதுக்கும் 2023ல தமிழ்நாடு அரசு விதி கொண்டு வந்துடுச்சு, பதிவு பண்ணணும், தரச்சான்று இருக்கற பெட்டியா இருக்கணும், காட்டுக்குப் பக்கத்துலன்னா வனத்துறைகிட்ட கேக்காம போடக் கூடாது. ஆள் நடமாடுற தேயிலைத் தோட்டத்து ஓரத்துல வீட்டு நாய்க்காக அது தேவையே இல்ல.

கோத்தகிரி_புதுசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலர் வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். அந்த மடிச்சுப் படுக்க வெக்கற விசயம் எங்களுக்குக் கொட்டேஷன் குடுத்தவர் சொல்லவே இல்ல. அப்ப 6 அடி வலை போட்டுட்டா ராத்திரியும் ரெண்டையும் வெளியவே விட்டுக்கலாம் இல்லைங்களா? வீட்டுக்குக் காவலாவும் இருக்கும். இப்போதைக்கு ராத்திரி மட்டும் வராண்டா தூணுல கட்டி வெக்கறோம்.

ஹட்டி_பெரியவர்

அம்மா, நான் இது வரைக்கும் படிச்சிட்டு சும்மா இருந்தேன், உன்னோட கடைசி ரெண்டு வரிய பாத்ததும் கை பதறிடுச்சு. இன்னைக்கு ராத்திரியே ரெண்டையும் வீட்டுக்குள்ள எடு. வேலி அப்புறம் போடலாம், ஒரு மாசம் கழிச்சுக் கூட போடலாம், இது இன்னைக்கு.

எங்க ஹட்டி, அதான் படுகர் ஊரு, கோத்தகிரில இருந்து ரொம்ப தூரம் இல்ல. எங்க வீட்ல ஒரு நாய் இருந்துச்சு, ஒன்பது வருசம், பேரு ராமு, நான் தோட்டத்துக்குப் போனா கூடவே வரும், சாயங்காலம் பால் ஊத்தப் போனா கூடவே வரும், டீத்தூள் பேக்டரில லோடு இறக்குற வரைக்கும் வெளியவே படுத்திருக்கும். ராத்திரி வாசல்ல கட்டிப் போடுவோம், எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான், யாரும் தப்பா நினைச்சதில்ல. ஒரு ஜனவரி ராத்திரி, நல்ல உறைபனி, ஜன்னல் எல்லாம் மூடிட்டுப் படுத்துட்டோம். ராமு ரெண்டு தடவ கொலச்சுது, அப்புறம் ஒரு மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம், அதோட நின்னு போச்சு. கொலைக்கிறத நிறுத்திட்டான், காட்டுப்பன்னி போயிருக்கும்னு நினைச்சு நான் திரும்பிப் படுத்துட்டேன் அம்மா. அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாதது. காலைல கதவைத் திறந்தா சங்கிலி வாசல்ல நீளமா இழுபட்டுக் கிடக்குது, முனைல பட்டை அறுந்து தொங்குது, புல்லு மேல வெள்ளையா பனி, அந்தப் பனியில ஒரு முழ அகலத்துக்கு இழுத்துட்டுப் போன தடம், தேயிலை வரிசைக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் சீகை மரக் காட்டுக்குள்ள போயிருக்கு. ரத்தம் கூட அதிகம் இல்ல.

சிறுத்தை கழுத்தைத்தான் புடிக்கும், சத்தம் போட நேரம் இருக்காது. கட்டிப் போட்ட நாய்க்கு ஓடவும் முடியாது. 6 அடி வலை சிறுத்தைக்கு ஒண்ணுமே இல்ல, ரெண்டு ஆள் உயரத்துக்கு எகிறும், பக்கத்துல ஒரு மரம் இருந்தா அது கூட வேண்டாம். நாயைத் தேடி சிறுத்தை வாசலுக்கு வர்றது இங்க புதுசு இல்ல, வீட்டுக் கேமராவுல பதிவானது எல்லாம் டிவில அடிக்கடி வருது, குன்னூர்ல, கோத்தகிரில, டவுனுக்குள்ளயே. வேலி போட்டு உள்ள விட்டா இன்னும் மோசம் அம்மா, அது உள்ள குதிச்சுடும், நாய்க்கு வெளிய ஓட வழி இருக்காது. நாய உள்ள வெக்கற அதே வேலி அந்த நேரத்துல நாய்க்குக் கூண்டு.

வீட்டுக்குள்ள இடம் இல்லைன்னா ஒரு அறை கட்டு. மூணு பக்கம் செங்கல், மேல கெட்டியா ஷீட்டு, இரும்புக் கதவு. வெறும் கம்பிக் கதவு மட்டும் போட்டுடாத, சந்துல கைய விட்டு இழுக்கும், கம்பிக்கு மேல சின்னக் கண்ணு வலை அடிச்சுடு. ஆனா என்னைக் கேட்டா வீட்டுக்குள்ளதான். ராமுக்கு அப்புறம் இப்ப இருக்கறது எங்க சமையக்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல சாக்கு போட்டுப் படுக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள, விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்தப்புறம்தான் வெளிய.

காவலுக்குன்னு சொன்னியே, உள்ள படுத்திருக்குற நாய் நல்லாவே காவல் காக்கும். கரடி வந்து கதவப் பிராண்டுனப்ப உள்ள இருந்து அது போட்ட சத்தத்துக்கு மொத்தத் தெருவும் லைட்டு போட்டுச்சு.

கோத்தகிரி_புதுசு

ஐயா, படிச்சிட்டு அழுதுட்டேன். ரெண்டையும் உள்ள எடுத்தாச்சு, இப்ப சோபா பக்கத்துல படுத்திருக்குதுங்க. எங்களுக்கு இங்க யாரும் இதை சொல்லவே இல்ல, டவுன்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தான, காடு தள்ளி இருக்குதுன்னு நினைச்சிட்டு இருந்தோம். ராமுவ நினைச்சு நீங்க உங்களையே நொந்துக்காதீங்க ஐயா, யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

ஊட்டி_நாய்க்கூட்டம்

பெரியவர் சொன்னதுக்கு மேல ராத்திரி விசயத்துல சொல்ல ஒண்ணும் இல்ல. நான் ஊட்டில நாய்களுக்கு ஊசி, கருத்தடை கேம்ப்ல உதவி பண்றவ, அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம்.

சங்கிலில போட மனசு வரலன்னு சொன்னீங்க, அது சரியான மனசு. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே ரொம்ப குட்டையான, கனமான சங்கிலில ரொம்ப நேரம் கட்டி வெக்கறதும், எப்பவும் கட்டியே வெச்சிருக்குற நாய நடக்க விடாம இருக்கறதும் குத்தம்னு இருக்கு. வேலி வேலை முடியுற வரைக்கும் பகல்ல கட்டித்தான் ஆகணும்னா, ரெண்டு மரத்துக்கு நடுவுல தலைக்கு மேல கம்பி இழுத்து அதுல வளையம் போட்டு, அந்த வளையத்துல சங்கிலிய மாட்டுங்க, நீளத்துக்கும் ஓடலாம். ஆனா நீங்க வீட்டுல இருக்கறப்ப மட்டும், பக்கத்துல தாண்டுற மாதிரி சுவரோ திட்டோ இல்லாத இடத்துல. தாண்டி அந்தப் பக்கம் தொங்கிடுச்சுன்னா கழுத்து இறுகிடும்.

காலர் பத்தி பெருமாள்மலைக்காரர் அனுபவமே போதும். கூட ஒண்ணு, காலர்ல ஷாக் குடுக்கற அந்த ரெண்டு முள்ளு கழுத்துல அழுத்திட்டே இருந்தா புண்ணு வெக்கும், மழைக்காலத்துல ஈரத்தோட சேந்து சீழ் புடிச்ச கழுத்தெல்லாம் நாங்க மருந்து போட்டிருக்கோம். வேல்ஸ் நாட்டுல 2010லயே ஷாக் காலருக்குத் தடை போட்டுட்டாங்க.

மணிக்கு கருத்தடை ஆச்சா? ஆகலன்னா அதை முதல்ல பாருங்க. ஆண் நாய் வேலி தாண்டி சுத்தறதுல பெரிய பங்கு அதுதான், எங்கயோ ஒரு பெட்டை தயாரா இருக்குன்னு வாடை வந்தா 6 அடி என்ன 8 அடி என்ன. ஜூலிக்கும் பண்ணிடுங்க. ரேபிஸ் ஊசி வருசா வருசம், டிஸ்டெம்பர் ஊசியும் சேத்துப் போடுங்க, அந்த நோய் நம்ம நாய்ல இருந்து காட்டுல இருக்குற செந்நாய்க்கும் போகும், அதுங்களுக்கு டாக்டர் கிடையாது.

அப்புறம் நாய் ஏன் ஓடுதுன்னு பாக்கணும். இலை பறிக்கிறவங்க கூடையோட வரிசைல நகர்றது வலை வழியா தெரிஞ்சா நாள் பூரா அதுங்க வேலியோரம் ஓடிக் கொலச்சிட்டே இருக்கும், அந்த அக்காங்களுக்கும் நிம்மதி இருக்காது. கீழ்ப்பக்கம் மட்டும் 4 அடி உயரத்துக்கு பச்சை ஷேட் நெட் கட்டிடுங்க, பார்வை மறைஞ்சா பாதி அடங்கிடும். காலைல நாப்பது நிமிசம் கயித்துல கூட்டிட்டு நடங்க. மலைல ஏறி இறங்குன நாய்க்கு மதியம் ஓடத் தோணாது.

பெருமாள்மலை_தோட்டக்காரன்

ஒண்ணு விட்டுட்டேன் அக்கா. உங்க இடத்துக்குள்ள காட்டுமாடு நடந்து போற தடம் இருக்கான்னு வேலி போடறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல கேட்டுக்கங்க. அதுங்க வருசக்கணக்கா ஒரே வழியிலதான் போகும், குறுக்க வலை போட்டா சுத்திப் போகாது, தள்ளிக்கிட்டே போகும், காலைல வலையும் தூணும் தரைல கிடக்கும். எங்க வேலிய ஒரு மூலைல ஆறு அடி உள்ள தள்ளிப் போட்டு வழி விட்டோம், அதுக்கப்புறம் ஒரு தடவ கூட தொடல. பழைய முள்ளுக்கம்பியையும் கழட்டிடுங்க, நம்ம நாய்க்கும் கிழிக்கும், மாட்டுக்கும் கிழிக்கும்.

கோத்தகிரி_புதுசு

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். வேலி முடிஞ்சுதுங்க. 6 அடி, 10 கேஜ், தூணு 8 அடிக்கு ஒண்ணு, உள்பக்கம் மடிச்சு கல்லு அடுக்கியாச்சு, கல்லு நானும் வீட்டுக்காரரும்தான் ரெண்டு ஞாயித்துக்கிழமை சுமந்து அடுக்கினோம். மொத்தம் 98 ஆயிரம் வந்துடுச்சு, சொன்னதுக்கு மேல, ஆனா வருத்தம் இல்ல. மாட்டுத்தடம் பத்தி கேட்டது எவ்வளவு நல்லதுன்னா, மேக்கு மூலைல ஓடைக்கு இறங்கற வழியே அதுதானாம், பக்கத்து வீட்டுத் தாத்தா கூட வந்து கைய நீட்டிக் காட்டினாரு. அங்க அரை சென்ட் விட்டுட்டு உள்ள தள்ளி அடிச்சோம். மூணாம் நாளே பெரிய சாணி கிடந்துச்சு, வேலி அப்படியே நிக்குது.

மணிக்கு ஆபரேசன் ஆச்சு. முதல் வாரம் வேலியோரம் நாலு இடத்துல பறிச்சுப் பாத்தான், கம்பி நகத்துல பட்டதும் என்னைத் திரும்பிப் பாத்தான், அப்புறம் விட்டுட்டான். பச்சை நெட் கட்டினதுல இருந்து கீழ கொலைக்கிறது நல்லா குறைஞ்சிருக்கு. கை பிசகின அக்கா இப்ப வேலைக்கு வந்துட்டாங்க, நேத்து நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எங்க கண்ணு உன் நாய்ங்கன்னு கேட்டாங்க. ஜூலிய கயித்துல புடிச்சு கேட்டு கிட்ட கூட்டிட்டுப் போனேன், கொஞ்ச நேரம் தூர நின்னாங்க, அப்புறம் மடில இருந்து பாதி வர்க்கி எடுத்து நீட்டினாங்க. ஜூலி மெதுவா வாங்கிச்சு.

ஆறு மணி ஆனா இப்ப ரெண்டும் தானாவே வந்து கதவுகிட்ட நிக்குதுங்க ஐயா. கேட்டு அடில மட்டும் ஒரு பக்கம் ஆறு விரல் சந்து இருக்கு, கீல் இறங்கிடுச்சு போல. வேலிவேலைக்காரரே, அதுக்கு ஒரு பட்டை வெல்டு பண்ணினா போதுமா, இல்ல கேட்டையே தூக்கி மாட்டணுமா?

குன்னூர்_வேலிவேலை

பட்டை போதாது மேடம், கீல் இறங்குனா இன்னும் இறங்கும். தூக்கி மாட்டி அடில ஒரு வாஷர் போடச் சொல்லுங்க, அரை மணி நேர வேலை. அது வரைக்கும் அந்த இடத்துல ஒரு பெரிய கல்லை உருட்டி வெச்சிடுங்க.